மழை நின்ற பிறகும் தெருவில் தண்ணீர் நிற்பது ஏன்? வடசென்னைக்காரர்கள் பேச ஒரு இழை

பட்டாளம்வாசி:
பருவமழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வாசற்படிக்கு வந்த பிறகுதான் இந்தப் பேச்சையே எடுக்கிறோம். அப்போது கோபம்தான் வருகிறது, யோசனை வருவதில்லை. அதனால் தரை காய்ந்திருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். தெருவில் நிற்கிற தண்ணீரை எடுக்கிற வேலை எப்படி நடக்கிறது? எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு? தெருவாசிகள் உருப்படியாக என்ன செய்ய முடியும்? புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் ஆட்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

கே.எம். கார்டன் பொண்ணு:
எங்கள் பக்கம் மழை விட்டு ஒரு பகல் போன பிறகும் முட்டியளவுத் தண்ணீர் நிற்கும். அதுவும் வெறும் மழைத்தண்ணீர் இல்லை, கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாடி வீட்டுக்காரர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். வடிகால் கட்டியதைக் கண்ணால் பார்த்தோம். கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, கெட்டியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் தண்ணீர் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

வடிகால் மேஸ்திரி:
சரியான கேள்வி தங்கச்சி. இந்த வேலையிலேயே தலை நரைத்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வாயைப் பாருங்கள். ரோட்டோரமாகக் கம்பி மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். சில்ட் கேட்ச் பிட் என்போம், வண்டல் தொட்டி. ரோட்டுத் தண்ணீர் அதில்தான் விழும். மண் அடியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் பக்கத்துக் குழாய் வழியாகப் பெரிய வடிகாலுக்குள் போகும். வடிகால் எத்தனை அடி ஆழமாக இருந்தாலும் சரி, இந்த வாய் அடைத்துக்கொண்டால் அது காலியாகக் கிடக்கும், தெரு மட்டும் நிரம்பும். நடுமழையில் வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளே கணுக்கால் அளவுத் தண்ணீர், வெளியே நான் நின்ற இடத்தில் தொடையளவு.

அந்தத் தொட்டியைத் திறந்தால் என்ன வரும் தெரியுமா? மேலாக பால் பாக்கெட், டீ கப், இலை, தேங்காய் நார். அதற்குக் கீழே எம்-சாண்ட், அதாவது வீடு கட்டுகிற கல் உடைத்த மணல். எல்லாவற்றுக்கும் அடியில் சிமென்ட் பால் இறுகிப்போய்க் கல்லாகக் கிடக்கும். மண்ணை மண்வெட்டியால் அள்ளிவிடலாம். சிமென்ட்டுக்குப் பாரை போட்டுக் குத்த வேண்டும், குத்தினால் பக்கத்துக் குழாயும் உடையும். யாரோ ஒருத்தர் மாடிக்குக் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டு, சிமென்ட் கலக்கிற மிக்சரை ரோட்டோரம் கழுவி விட்டிருப்பார். அந்த ஒரு கழுவலில் அரைத் தெருவுக்கு வழி போய்விடும்.

அடுத்தது வடிகால். நம் பக்கம் தரை தட்டையாகக் கிடப்பதால் வடிகாலுக்குக் கிடைக்கிற சரிவு ரொம்பக் கொஞ்சம். தண்ணீர் மெதுவாகப் போகும், மண் நடுவழியிலேயே படியும். அதனால்தான் மழைக்கு முன்னால் மூடி மூடியாகத் திறந்து தூர்வாருகிறார்கள். அள்ளிய வண்டலை ஈரத்தோடு லாரியில் ஏற்ற முடியாது, கொஞ்சம் வடியட்டும் என்று ஓரத்தில் குவித்து வைப்பார்கள். அந்தக் குவியல் மேல் நாம் குப்பையைக் கொட்டினாலோ, எடுப்பதற்குள் மழை வந்தாலோ, அள்ளினது முழுக்க மறுபடி உள்ளே.

அதற்கப்புறம் கால்வாய். புளியந்தோப்பு பக்கத்துத் தண்ணீர் ஓட்டேரி நல்லா என்கிற ஓடைக்கு, வியாசர்பாடித் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய்க்கு, கொடுங்கையூர்த் தண்ணீர் கொடுங்கையூர் கால்வாய்க்கு. மூன்றும் போய்ச் சேர்வது பக்கிங்காம் கால்வாயில். அங்கிருந்து வடக்கே எண்ணூர் முகத்துவாரம், அப்புறம் கடல். பக்கிங்காமை வெள்ளம் வடிக்க யாரும் வெட்டவில்லை. 1806-ல் எண்ணூருக்குப் படகு விடத் தோண்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், கூலி வேலையாக நீட்டித்து இணைத்தார்கள். படகுக் கால்வாய் என்றால் மட்டம் சமமாகத்தான் இருக்கும். வடசென்னையின் பாதித் தண்ணீரை அந்தச் சமமட்டக் கால்வாய் மேல் ஏற்றிவிட்டு, சீக்கிரம் ஓடு என்றால் அது எப்படி ஓடும்?

கே.எம். கார்டன் பொண்ணு:
நன்றி அண்ணே. இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை. அப்படியென்றால் வாய் அடைப்பது எங்கள் கையில், கால்வாய் நிரம்புவது எங்கள் கையில் இல்லை, அப்படித்தானே?

வடிகால் மேஸ்திரி:
அப்படித்தான். அந்த ஒரு வரியைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

காசிமேட்டுக் கடற்கரையான்:
கடல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். முகத்துவாரம் திறந்தே இருந்தாலும் எந்த நேரமும் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போது கடலே உள்ளே தள்ளும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி அந்த ஏற்றம் இன்னும் அதிகம். அதே நாளில் மழை பிடித்தால் பக்கிங்காமில் தண்ணீர் அசையாமல் நிற்கும், சில நேரம் பின்னாலும் வரும். ஓதம் இறங்கினதும் மளமளவென்று வடியும். நாள் ஒன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். எங்களுக்கு இது வலை போடுகிற கணக்கு, உங்களுக்குத் தெரு வடிகிற கணக்கு. மழை விட்டு மூன்று மணி நேரமாகியும் ஒரு அங்குலம் குறையவில்லையே என்று திட்டுவதற்கு முன்னால் ஓதம் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டாளம்வாசி:
இது எனக்கு முற்றிலும் புதிது. சரி, பம்ப் வைத்து இறைப்பதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் தெருவுக்கு டிராக்டர் மோட்டார் வந்தால் அடுத்த தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

வடிகால் மேஸ்திரி:
வருவார்கள், அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பம்ப் தண்ணீரை இல்லாமல் ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்பதுதான் விஷயம். குழாயைப் பக்கத்து வடிகாலில் விட்டு, அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால், இரண்டு மூடி தள்ளி அதே தண்ணீர் வெளியே வரும். நேராகக் கால்வாய்க்குக் குழாய் போட்டால்தான் பலன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெரு, ஓரடித் தண்ணீர். கிட்டத்தட்ட 1,80,000 லிட்டர். 9,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் இருபது நடை. இது தெருவில் நிற்பது மட்டும், வீடுகளுக்குள் இருப்பதைச் சேர்க்கவில்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை என்றால் 4 லட்சம் லிட்டர். இவ்வளவையும் மோட்டார் இறைத்துத் தீர்க்காது. தானாக வடிய வழி இருக்க வேண்டும், வழியே இல்லாத பள்ளத்துக்குத்தான் மோட்டார். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்கள் அந்த வகை. ரயில் பாதைக்குக் கீழே குடைந்த பள்ளம், தண்ணீர் தானாக வெளியேற வழி இல்லை. மோட்டார் ஓடுகிறவரைதான் வண்டி போகும். அங்கே தடுப்பு வைத்திருந்தால் தயவுசெய்து தள்ளிவிட்டு நுழையாதீர்கள். ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

எம்.கே.பி. நகர் டீச்சர்:
ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் யாராவது பாரையை எடுத்துவந்து பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்கிறார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தால் நல்ல காரியம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது கழிவுநீருக்கான குழாய். வீட்டுக் கழிவுக்கு அளவெடுத்துப் போட்டது, மழைக்கு இல்லை. நம் தெருவில் இறங்கின தண்ணீர் தாழ்வான தெருவில் கக்கூஸ் வழியாக மேலே வருகிறது. கே.எம். கார்டன் தங்கச்சி சொன்ன அந்தக் கறுப்புத் தண்ணீர் வேறெங்கிருந்தோ வரவில்லை. இன்னொரு பக்கம், கழிவுநீர் இணைப்பைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிற வீடுகளும் உண்டு. இரண்டும் கலந்த பிறகு எது எங்கே போகிறது என்று யாருக்கும் புரியாது.

வியாசர்பாடி ஜீவா பையன்:
டீச்சர், நீங்கள் சொல்வது புத்தகத்துக்குச் சரி. வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே தண்ணீர், கட்டில் மேல் படுத்த படுக்கையாகப் பாட்டி. போன் அடித்தால் லைன் கிடைக்கவில்லை. கண் முன்னால் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

எம்.கே.பி. நகர் டீச்சர்:
தம்பி, உங்கள் பதற்றம் புரிகிறது, லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திறந்தவர்கள் பக்கத்தில் காவலுக்கு நிற்பதில்லையே. கலங்கல் தண்ணீருக்குள் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது. பால் வாங்கப் போகிற பிள்ளை கால் வைத்தால் என்ன ஆகும்? பாட்டியைத் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். தெரு ஆட்கள் செய்ய வேண்டிய முதல் உதவி அதுதான் என்று நினைக்கிறேன். எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு டயாலிசிஸ் என்று தெருவில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வடிகால் மேஸ்திரி:
டீச்சர் பக்கம்தான் நான். அதோடு ஒன்று, யாரும் எந்தக் குழிக்குள்ளும் இறங்கக் கூடாது, கூலி கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. விஷவாயு ஆளைக் கூப்பிட நேரம் கொடுக்காது. மனிதரைச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். எவனோ ஒருவன் ஐந்நூறு ரூபாய்க்கு இறங்குகிறேன் என்று வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

மான்ட்ரியல் பெரம்பூர்க்காரன்:
பிறந்து வளர்ந்தது பெரம்பூர், இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே மழைக்குப் பதில் பனி, ஆனால் நீங்கள் பேசுவதைப் படித்தால் எங்கள் தெருவைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

பனி விழுந்ததும் முதலில் பெரிய ரோடு, ஆஸ்பத்திரி வழி, பஸ் வழி. குடியிருப்புத் தெரு அப்புறம்தான். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் நம்மை விட்டுவிட்டார்கள் என்று கத்துவதில்லை. வண்டி முதலில் பனியை ஓரத்துக்குத் தள்ளும். அப்புறம் இன்னொரு நாள் அதை அள்ளி லாரியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஆரஞ்சுப் பலகை வைப்பார்கள். இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டே தெருவில் போகும். சத்தம் கேட்டதும் அவரவர் ஓடிவந்து காரை எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள். ஒரே ஒரு கார் நின்றால் அந்த இடத்துப் பனி அப்படியே தங்கும், முழுத் தெருவும் குறுகிவிடும்.

வீட்டுக்காரர்கள் செய்வது சின்னச் சின்ன வேலைகள். தன் வாசல் பனியை வாரி மறுபடி ரோட்டில் போடக் கூடாது. தீயணைப்புக் குழாயைச் சுற்றி வழி விட வேண்டும். பனி உருகுகிற சமயத்தில் ரோட்டோர வடிகால் வாயைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகின தண்ணீர் தேங்கி ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பனியில் புதைந்த தீயணைப்புக் குழாய்களை, ஆளுக்கொன்று என்று தெருவாசிகளே தத்தெடுத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள 2011 வாக்கில் ஒரு இணையதளம் செய்தார்கள். பிற்பாடு வேறு சில ஊர்களில் அதே முறையை மழைநீர் வடிகால் வாய்க்குப் பயன்படுத்தினார்கள்.

பட்டாளம்வாசி:
கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. நம் தெருவிலும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொள்ளலாமே. மழை அறிவிப்பு வந்ததும் போய்ப் பார்த்து, மேலே படிந்த குப்பையை வாரிவிட்டால் போதும்.

கொருக்குப்பேட்டை அப்பா:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொத்து வரி கட்டுகிறோம். வடிகால் சுத்தம் செய்வது என் வேலையா? இப்படி நாமே செய்ய ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாவற்றையும் நம் தலையில் கட்டிவிடுவார்கள். மழை ஓய்ந்த பிறகு வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கே.எம். கார்டன் பொண்ணு:
அப்பா, உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. வடிகாலைத் தூர்வாருவது நம் வேலை இல்லை, அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டுகிற மழையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து கம்பி மூடியில் ஒட்டிக்கொண்டால், அதை எடுக்க எந்த அரசாங்கத்தாலும் தெருவுக்கு ஒரு ஆள் நிறுத்த முடியாது. அந்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம். தண்ணீர் நம் வீட்டுக்குள்தானே வருகிறது?

வடிகால் மேஸ்திரி:
இரண்டு பேர் சொல்வதும் சரி. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பி மூடிக்கு மேலே இருப்பது தெருவாசிக்கு, கீழே இருப்பது மாநகராட்சிக்கு. வெறும் கையை விடாதீர்கள், ஊசி, கண்ணாடி எல்லாம் இருக்கும். நீளக் கைப்பிடி போட்ட வாரி, ரப்பர் கையுறை, காலில் கம்பூட். தண்ணீரில் நின்று வேலை பார்த்தால் சோப்புப் போட்டுக் கால் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கிறது. மின்சாரப் பில்லர் பெட்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, முதலில் அதற்கு அடித்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

வாரின குப்பையை எங்கே போடுவது என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மூடிக்குப் பக்கத்தில் குவித்தால் அடுத்த மழைக்கு அது மறுபடி வாய்க்குத்தான் வரும். சாக்கில் கட்டிக் காலையில் குப்பை வண்டியில் கொடுங்கள்.

கார் விஷயமும் மான்ட்ரியல் தம்பி சொன்ன மாதிரிதான். தூர்வார வருகிற ஆட்கள் மூடி மேல் நிற்கிற காரை என்ன செய்வார்கள்? ஹாரன் அடித்து, வீடு வீடாகக் கேட்டு, ஆள் வரவில்லை என்றால் அந்த மூடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நடுவில் ஒரு மூடி விட்டுப்போனால் முன்னும் பின்னும் அள்ளினது வீண். நம் ஊரில் சைரன் வராது. தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும்.

திருவொற்றியூர் கணக்குப்பிள்ளை:
யாருக்குப் புகார் சொல்வது என்பதில்தான் பாதி நாள் வீணாகிறது. நான் வைத்திருக்கிற கணக்கு இது. ரோட்டோர மழைநீர் வடிகால், அதன் மூடி, விழுந்த மரம், தெருவில் தேங்கின தண்ணீர் எல்லாம் மாநகராட்சி, 1913. கழிவுநீர் பொங்குவது, குடிநீரில் சாக்கடை கலப்பது குடிநீர் வாரியம், 044-4567 4567. பக்கிங்காம், ஓட்டேரி நல்லா நீர்வளத்துறை. தண்டவாளத்துக்குக் கீழே போகிற சின்னப் பாலம் அடைத்தால் ரயில்வே. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ரயில் பாதைகள் கரை கட்டின மாதிரி நிற்பதால் கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். எந்த மூடி யாருடையது என்று சந்தேகம் வந்தால், பெரும்பாலும் ரோட்டு நடுவில் வட்டமாக இருப்பது கழிவுநீர், ஓரத்தில் சதுரமாக வரிசையாக இருப்பது மழைநீர்.

புகாரில் "எங்கள் ஏரியா முழுக்க தண்ணீர்" என்று எழுதினால் ஆள் வந்து தேடுவதற்குள் பொழுது போய்விடும். தெருப்பெயர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, பக்கத்து விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கிற எண், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இதை எழுதுங்கள். படம் எடுத்தால் அசையாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும், கடைப் பலகை, கோயில் சுவர் மாதிரி. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்தது என்று செய்தி வந்து, முடியாமல் இருந்தால், பழைய எண்ணைச் சொல்லியே மறுபடி பதியுங்கள்.

எம்.கே.பி. நகர் டீச்சர்:
ரோடு உயர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். அதனால் உங்கள் தெருவில் தார் போட வந்தால் அன்றைக்கே நின்று கேளுங்கள், போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. வீட்டுக்காரர்கள் நாமும் பைக் ஏற்றுவதற்கென்று சாய்தளம் கட்டி வடிகால் வாயை மூடிவிடுகிறோம். எங்கள் வரிசையில் மட்டும் மூன்று வாய் சிமென்ட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. இரும்புப் பலகை வைத்தால் வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம், தண்ணீரும் கீழே போகும்.

காசிமேட்டுக் கடற்கரையான்:
கடலோர மணல் தரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மண் தண்ணீரைக் குடிக்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது வைத்த குழாய்கள் நிறைய வீட்டில் உடைந்து ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அதை மறுபடி குழிக்குத் திருப்பினாலே மாடித் தண்ணீர் தெருவுக்கு வராது. வியாசர்பாடி, கொடுங்கையூர் களிமண்ணில் இது அவ்வளவு எடுபடாது, அது வேறு கதை.

கொருக்குப்பேட்டை அப்பா:
சரி, மூடிக்கு மேலே இருப்பது நமக்கு, கீழே இருப்பது அவர்களுக்கு என்றால் எனக்குச் சம்மதம். எங்கள் வீட்டெதிரே இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து காலிமனையில் வீடு கட்டுகிறவர் மணலை அப்படியே ரோட்டில் கொட்டி வைத்திருக்கிறாரே, அதற்கு என்ன செய்வது?

வடிகால் மேஸ்திரி:
முதலில் நேரில் போய் அந்தக் கட்டட மேஸ்திரியிடம் சொல்லுங்கள், முதலாளியிடம் இல்லை. மணலைச் சுற்றி இரண்டு வரி செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைக்கச் சொல்லுங்கள். மிக்சர் கழுவுகிற தண்ணீரை மனைக்குள்ளேயே ஒரு குழி வெட்டி விடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, மறுக்க மாட்டார்கள். மறுத்தால் படத்தோடு 1913.

பட்டாளம்வாசி:
எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா வாயையும் எண்ணிச் சாக்பீஸால் எண் போடப் போகிறோம். எந்த எண் எந்த வீட்டுக்கு, எது சிமென்ட்டால் மூடியிருக்கிறது, எது தூர்வாராமல் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதி வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) கொடுத்துக் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. மற்ற தெருக்காரர்களும் தங்கள் பட்டியலை இங்கேயே போடுங்கள். ஒரே கால்வாய்க்குப் போகிற தெருக்கள் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.